சூதுக் கூடமும் அரசின் காவலும்

கௌடிலியர் இயற்றியதாகக் கூறப்படும் அர்த்தசாத்திரத்திலே அரசாங்க அலுவலர் பலருடைய கடமைகள் ஒவ்வொன்றாக வகுத்துரைக்கப்பட்டுள்ளன. அவ்வலுவலருள் ஒருவன் சூதுக்குப் பொறுப்பான அத்தியட்சகன். பொலிஸ் அத்தியட்சகர் என்று இன்று வழங்கும் அதே சொல்லே அது. சூதாட்டம் ஓரிடத்தில் மட்டுமே நடைபெற வேண்டும். வேறிடத்தில் ஆடுபவன் 12 பணம் தண்டம் இறுக்க வேண்டும். வென்ற பொருளில் நூற்றுக்கு 5 அரசனைச் சேரும். காய்களுக்கும் இடத்துக்கும் நீருக்கும் வாடகை வேறாக அறவிடப்படும். கள்ளக் காய்களை உருட்டுவோன் ஒறுக்கப்படுவான். ஆட்டத்தை ஓரிடத்தில் அடக்குவது எதற்காக? மறைவிற் பிழைக்கும் கள்வரைக் கண்டுபிடிப்பதற்காக என்று அந்நூலே காரணமும் கூறுகிறது.

திருவள்ளுவர் கண்ட நெறி வேறு. சூது என்னும் அதிகாரத்தை அவர் பொருட்பாலிலே, கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையில் அமைத்தார். சூதினால் வரும் பொருளை அவர் பொருளாகவே மதிக்கவில்லை. ஒருவர் சூதை விலக்கச் சொன்னார். மற்றவர் அதனை வேலியிட்டுக் காவல் செய்து வரி கொள்ளச் சொன்னார். இவ்விரு நெறிகளுக்கும் இடைப்பட்ட வழக்கு இரண்டாயிரம் ஆண்டு கழிந்தும் முடிந்தபாடில்லை. அண்மைக் காலத்தில் அவ்வழக்கு மிகத் தெளிவாக நடந்தேறிய இடம் அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ ஜேர்சி மாநிலமாகும். வேலி எவ்வாறு இடப்பட்டது, காவலன் எவ்வாறு நியமிக்கப்பட்டான், கிடைத்த பொருள் யாருக்குப் பங்கிடப்பட்டது, பின்னர் அவ்வேலிக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை அந்த ஒரு மாநிலத்தின் வரலாற்றிலேயே காணலாம்.

நியூ ஜேர்சியின் கிழக்குக் கரையில் அத்திலாந்திக் நகர் என்றோர் ஊர் உண்டு. 1854இல் இருப்புப்பாதை வந்த பின்னர் அது பிலடெல்பியா, நியூ யோர்க் ஆகிய பெருநகரங்களிலுள்ள மக்கள் கோடைக்காலத்திற் கடற்காற்று வாங்க வரும் இடமாக வளர்ந்தது. மணல் காலில் ஒட்டாமல் உலாவுவதற்கென 1870இல் கடலோரத்தே மரப்பலகை நடைபாதை அமைக்கப்பட்டது. அந்நடைபாதையே நகரின் அடையாளமாயிற்று. 1930இல் அங்கு 66,000 பேர் வரையில் வாழ்ந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னரோ மோட்டார் வாகனமும் ஆகாய விமானமும் உல்லாசப் பயணிகளைத் தொலைவிலுள்ள புளோரிடாவுக்கும் கரிபியன் தீவுகளுக்கும் கொண்டு சென்றன. 1964இல் ஜனநாயகக் கட்சியின் தேசிய மகாநாடு அத்திலாந்திக் நகரிலே கூடியபோது, அங்கு வந்த பத்திரிகையாளர் பழுதடைந்த விடுதிகளையும் வெறிச்சோடிய தெருக்களையும் நாடெங்கும் பறைசாற்றினர். 1970ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் நகர மக்கள் தொகை 48,000க்குக் குறைந்துவிட்டது.

நோயாளி நலிந்த இடத்தில் மருத்துவர் பலர் தோன்றுவர். அத்திலாந்திக் நகருக்குக் கூறப்பட்ட மருந்து கசினோ எனப்படும் சூதுக் கூடம். அக்காலத்தில் அமெரிக்காவிலே நெவாடா ஒன்றுதான் அதனைச் சட்டபூர்வமாக அனுமதித்த மாநிலம். 1931 தொட்டு அங்கு அது நடைபெற்று வந்தது. நியூ ஜேர்சியில் அதனை அனுமதிப்பதற்கு அரசியலமைப்பையே திருத்த வேண்டியிருந்தமையால் மக்களிடம் வாக்குக் கேட்கப்பட்டது. 1974இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் மாநிலத்தின் எப்பகுதியிலும் கசினோ அமைவதற்கு வழிவிடும் யோசனை முன்வைக்கப்பட்டது. ஏறத்தாழ 4 இலட்சம் வாக்கு வித்தியாசத்தில் மக்கள் அதனை நிராகரித்தனர். தங்கள் ஊர்த் தெருமுனையிற் சூதுக் கூடம் வருவதைப் பெரும்பான்மையோர் விரும்பவில்லை.

இரண்டு ஆண்டுகளின் பின் அதே கேள்வி வேறு வடிவில் வந்தது. இம்முறை கசினோ அத்திலாந்திக் நகரில் மட்டுமே அமையும். அதிலிருந்து மாநிலத்துக்குக் கிடைக்கும் வரி முதியோருக்கும் உடற்குறையுற்றோருக்கும் மட்டுமே செலவிடப்படும். அவர்களது வீட்டு வரி, வாடகை, மின்சாரம், எரிவாயு முதலிய செலவுகளைக் குறைப்பதற்கு அது பயன்படும். 1976ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மக்கள் இதனை ஏறத்தாழ 4 இலட்சம் வாக்குப் பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டனர். சூதின்மேல் மக்களுக்கு இரண்டு ஆண்டில் அன்பு பிறந்துவிட்டது என்று கொள்ளுதல் தவறு. அது வேறோர் ஊரில் இருக்கும், அதன் பயன் தம் வீட்டு முதியோரை நாடி வரும் என்ற இரண்டு உறுதிமொழிகளே மனத்தை மாற்றின. வருமானத்தைப் பங்கிடும் முறை, சட்டம் பிறந்த பின்னர் ஆராயப்பட்ட விடயமன்று. அதுவே சட்டத்தைப் பிறப்பித்தது.

1977ஆம் ஆண்டு யூன் மாதம் 2ஆந் திகதி ஆளுநர் பிரெண்டன் பேர்ண் அத்திலாந்திக் நகருக்கே சென்று கசினோக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற் கையொப்பமிட்டார். குற்றக் கும்பல்கள் இம்மாநிலத்திற் கைவைக்கலாகாது என அன்று அவர் கடுஞ்சொற்களால் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கைக்குக் காரணம் இருந்தது. நெவாடாவிலே சூதுக் கூடங்களின் பின்னால் மறைந்திருந்த கும்பல்களை 1950ஆம் ஆண்டளவில் கெபோவர் என்னும் செனற்றர் தலைமையிலான குழு நாடறிய வெளிப்படுத்தியிருந்தது. நியூ ஜேர்சிச் சட்டத்தை வரைந்தோர் அந்த அனுபவத்தைப் படித்தே தம் வேலியை இட்டனர்.

அவ்வேலியின் சிறப்பு, காவலை இரண்டாகப் பிரித்தமையாகும். சட்டமா அதிபரின் கீழ் இயங்கும் அமுலாக்கற் பிரிவு விண்ணப்பதாரரைப் புலனாய்ந்து குற்றங்குறைகளை எடுத்துரைக்கும். ஐந்து உறுப்பினர் கொண்ட கசினோக் கட்டுப்பாட்டு ஆணைக்குழு இரு பக்கத்தையும் கேட்டுத் தீர்ப்பளிக்கும். அவ்வைவருள் மூவருக்கு மேற்பட்டோர் ஒரே கட்சியினராய் இருத்தலாகாது. வழக்குத் தொடுப்பவன் ஒருவன், தீர்ப்புரைப்பவன் வேறொருவன் என்பது இதன் தத்துவம். அனுமதிப்பத்திரம் கேட்பவனே தான் நல்லவன் என்பதைத் தெளிவான சான்றுகளால் நிறுவ வேண்டும். அவன் தீயவன் என்பதை அரசு நிறுவ வேண்டியதில்லை. முதலாளி தொடக்கம் சீட்டுப் போடும் ஊழியர் வரை அனைவரும் அனுமதி பெறல் வேண்டும். குறைந்தது 500 அறைகளுள்ள ஹோட்டலிலன்றிக் கசினோ அமையலாகாது. கூடம் இரவு பகலாகத் திறந்திருத்தலும் ஆகாது. விடியற்காலையில் அது மூடப்பட வேண்டும். ஆட்டம் நடைபெறும் நேரமெல்லாம் ஆணைக்குழுவின் பரிசோதகர் கூடத்துள் இருந்தேயாக வேண்டும். இத்துணைக் காவலுக்குமான செலவைப் பொதுமக்கள் இறுக்கவில்லை. கசினோக்களே கட்டணமாகச் செலுத்தின.

எழுத்திற் கடுமையாயிருந்த சட்டம் நடைமுறையிலே தொடக்கத்திலேயே நெகிழ நேர்ந்தது. ரிசோட்ஸ் இன்ரநஷனல் என்னும் கம்பனி பழைய ஹோட்டலொன்றைப் புதுப்பித்து ஆயத்தமாய் நின்றது. புலனாய்வோ முடியவில்லை. நகரம் காத்திருக்க மாட்டாது என்று சொல்லி, தற்காலிக அனுமதி வழங்கும்படி 1978இன் தொடக்கத்திற் சட்டம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் 26ஆந் திகதி கூடம் திறந்தபோது மரப்பலகை நடைபாதையில் மக்கள் நீண்ட வரிசையாக நின்றனர். எஞ்சிய ஏழு மாதங்களில் அது ஈட்டியது 13 கோடி டொலருக்கும் மேல். பின்னர் அமுலாக்கற் பிரிவு பல குறைகளைச் சுட்டி நிரந்தர அனுமதியை மறுக்க வேண்டும் என்று வாதித்தது. ஆணைக்குழுவோ 1979ஆம் ஆண்டு பெப்ரவரியில் அனுமதி வழங்கிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தை, மாநிலத்துக்கு நாள்தோறும் வரி ஈட்டும் இடத்தை, திறந்த பின்னர் மூடுவது எளிதன்று. கதவைத் திறக்குமுன் ஆராய்வதற்கும் திறந்தபின் ஆராய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

மறு ஆண்டிலே இதனினும் பெரிய இழுக்கு நேர்ந்தது. அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையினர் அராபியச் செல்வரின் ஆட்கள் போல வேடம் பூண்டு, இலஞ்சம் வாங்கும் அரசியல்வாதிகளைப் பிடிக்க விரித்த வலையைப் பற்றிய செய்தி 1980ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியாயிற்று. அவ்விவகாரத்தில் ஆணைக்குழுவின் உபதலைவருடைய பெயரும் அடிபட்டது. அவர் பதவி விலகினார். காவலனையே ஐயுற வேண்டி வந்தபின் மாநில அரசு வாளாவிருக்கவில்லை. அதுவரை வேறு தொழில் செய்துகொண்டு பகுதி நேரமாகக் கடமையாற்றிய உறுப்பினரை நீக்கி, முழு நேர உறுப்பினரை அது நியமித்தது.

அடிபட்ட ஆணைக்குழு அதன் பின்னரே முதுகெலும்புள்ளதாயிற்று. சீசர்ஸ் கம்பனி அனுமதி கேட்டபோது, அதன் தலைமையிலிருந்த பேர்ள்மன் சகோதரர் விலகினாலன்றி அனுமதி இல்லை என்று நிபந்தனை விதித்தது. அவர்களது பழைய கூட்டுறவுகளே காரணம். மாநில உயர் நீதிமன்றமும் 1982இல் அந்நிபந்தனையைச் சரியென ஏற்றது. 1985ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடந்தது இன்னும் துணிவான செயல். உலகப் புகழ் பெற்ற ஹில்ரன் நிறுவனம் 30 கோடி டொலருக்கு மேற் செலவிட்டுக் கட்டடத்தைக் கிட்டத்தட்ட முடித்திருந்தது. குற்ற உலகத் தொடர்புடையவர் எனக் கருதப்பட்ட சட்டத்தரணி ஒருவரை நெடுங்காலம் வைத்திருந்தமையைக் காரணங் காட்டி ஆணைக்குழு அனுமதியை மறுத்தது. ஹில்ரன் அக்கட்டடத்தை 32 கோடி டொலருக்கு டொனல்ட் டிரம்ப் என்பாருக்கு விற்றுவிட்டு வெளியேறிற்று. பணமும் புகழும் அனுமதிக்கு ஈடாகா என்பதை அன்று எல்லோரும் அறிந்தனர்.

ஆணைக்குழுவின் விதிகள் எவ்வளவு வலிமை பெற்றன என்பதற்கு 1982ஆம் ஆண்டு வழக்கொன்று சான்று. கென் யூஸ்ரன் என்பவர் கழிந்த சீட்டுகளை நினைவில் வைத்துக் கணக்கிட்டு ஆடுவதில் வல்லவர். அவரைக் கூடத்துள் விடுவதில்லை என்று ரிசோட்ஸ் கசினோ தடுத்தது. ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் அதிகாரம் ஆணைக்குழுவுக்கே உரியது. அது தடுக்காத ஒருவரை, திறமையாக ஆடுகிறார் என்பதற்காகக் கசினோ தடுக்க முடியாது என உயர் நீதிமன்றம் தீர்த்தது. சூதுக் கூடத்தின் உரிமையாளனுக்குத் தன் வீட்டுக் கதவின்மேலும் முழு அதிகாரம் இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இனி, பங்கீட்டைக் கருதுவோம். வென்ற தொகையில் நூற்றுக்கு 8 மாநில வரி. அது பொதுத் திறைசேரியிற் கலவாமல் கசினோ வருமான நிதியம் என்னும் தனி நிதியத்தைச் சேர்ந்தது. 1981இல் அரசியலமைப்பு மறுபடியும் திருத்தப்பட்டு, முதியோரின் சுகாதாரத்துக்கும் போக்குவரத்துக்கும் அந்நிதியைச் செலவிட வழி செய்யப்பட்டது. முதியோர் மருந்து வாங்குவதற்கு உதவும் திட்டத்துக்கு அதிலிருந்து பெருந்தொகை சென்றது. வள்ளுவர் சூதை அடுத்து மருந்தை வைத்தார். நியூ ஜேர்சி சூதிலிருந்தே மருந்தை எடுத்தது. வடக்கே மலையோரச் சிற்றூரில் இருந்த மூதாட்டி ஒருத்தி கசினோவைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டாள். ஆயினும் அவளுடைய மருந்துச் சீட்டு எங்கோ ஒருவன் இழந்த பணத்தால் நிறைவேறிற்று. பங்கு பெறுவோர் மாநிலம் எங்கும் பரந்திருந்தமையால் சட்டத்துக்கு ஆதரவும் எங்கும் பரந்தது. நெவாடாவிலும் இத்தகைய ஏற்பாடொன்று உண்டு. ஆட்ட மேசைகளுக்கு விதிக்கும் ஆண்டுக் கட்டணத்தை அங்கே, கசினோ மிகுந்த மாவட்டம், ஆளரவமற்ற பாலைவன மாவட்டம் என்ற பேதமின்றி, எல்லா மாவட்டங்களுக்கும் சமமாகப் பங்கிடுவர். பங்குபெற்றவன் வேலியைக் குறைகூறான் என்பது அரசியல் அறிந்தோர் கண்ட உண்மை.

சூதுக் கூடங்களைச் சுமந்த அத்திலாந்திக் நகருக்கு என்ன கிடைத்தது? வேலை கிடைத்தது. 1990களின் பிற்பகுதியிற் கசினோக்களில் 45,000க்கு மேற்பட்டோர் பணியாற்றினர். அது நகரின் குடிசனத் தொகையினும் அதிகம். ஆயின் அவ்வேலையாட்களிற் பெரும்பாலோர் வெளியூர்களில் வசித்தனர். நகரின் நிலவிலை ஏறியது. வாடகைக்கிருந்த ஏழைகள் பலர் வெளியேறினர். 1990ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் மக்கள் தொகை 38,000ஐயும் எட்டவில்லை. நகரைப் புதுப்பிப்பதற்காகக் கசினோக்கள் வருமானத்தில் நூற்றுக்கு 2 மறுமுதலீடு செய்யவேண்டுமென 1977ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆனால் அதற்குக் கொடுத்த கால அவகாசம் நீண்டது; கட்டுப்பாடும் தளர்ந்தது. ஆண்டுகள் சென்றனவேயன்றி வீடுகள் எழவில்லை. 1984இல் அக்குறையை நீக்க மறுமுதலீட்டு அபிவிருத்தி அதிகாரசபை ஒன்று நிறுவப்பட்டது. நூற்றுக்கு 1.25ஐ அதன் வழியாக முதலீடு செய். இல்லையேல் நூற்றுக்கு 2.5ஐ வரியாகச் செலுத்து என்று இரண்டிலொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது சட்டம். அதன்பின் வீடுகள் பல எழுந்தன. எனினும் அரசியலமைப்பில் எழுதி உறுதிசெய்யப்பட்ட முதியோர் பங்குக்கும், நம்பிக்கையில் விடப்பட்ட நகரத்தின் பங்குக்கும் உள்ள வேறுபாடு அந்த ஏழு ஆண்டுகளில் வெளிப்பட்டுவிட்டது.

காலம் செல்லச் செல்லக் காவலனும் காக்கப்படுவோனும் ஒருவரையொருவர் சார்ந்து வாழலாயினர். கசினோக்கள் இரவு முழுதும் திறந்திருக்க வேண்டுமென வற்புறுத்தின. 1992இல் 24 மணி நேர ஆட்டம் அனுமதிக்கப்பட்டது. எனினும் பரிசோதகர் இன்றி ஆட்டம் இல்லை என்ற பழைய விதி நிலைத்திருந்தது. அவ்விதியின் வலிமை 2006ஆம் ஆண்டு யூலையிலே புலனாயிற்று. விற்பனை வரியை உயர்த்துவது பற்றி ஆளுநருக்கும் சட்டசபைக்கும் பிணக்கு ஏற்பட்டு, வரவுசெலவுத் திட்டம் நிறைவேறாது போக, மாநில அரசின் அலுவலகங்கள் மூடப்பட்டன. சம்பளம் கொடுக்க வழியில்லாமையாற் பரிசோதகரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பரிசோதகர் இல்லையாகவே, யூலை 5ஆந் திகதி காலையில் நகரிலுள்ள 12 கசினோக்களும் கதவடைத்தன. முதலாவது கசினோ திறந்த நாள் தொட்டு அரசின் காரணமாக அவை யாவும் மூடப்பட்டது அதுவே முதன்முறை. மூன்று நாள் கழித்தே அவை மறுபடி திறந்தன. காவலின் பெருமையைக் காட்டிய அந்த மூன்று நாள்களே காவலைத் தளர்த்த வேண்டுமென்ற குரலுக்கும் வித்தாயின. மாநில அலுவலகங்கள் மூடப்பட்டாலும் கசினோ சில நாள் இயங்கலாம் என்று பின்னர் சட்டம் மாற்றப்பட்டது.

அவ்வாண்டுதான் அத்திலாந்திக் நகரின் உச்சமும். 2006இல் கசினோக்களின் வருமானம் 520 கோடி டொலர். அவ்வாண்டு இறுதியிலேயே அயல் மாநிலமான பென்சில்வேனியாவிற் சூது இயந்திரக் கூடங்கள் திறக்கப்பட்டன. 2010இல் மேசை ஆட்டங்களும் வந்தன. பிலடெல்பியாவினர் கடற்கரை வரை வரவேண்டிய தேவை ஒழிந்தது. வருமானம் ஆண்டுதோறும் வீழ்ந்தது. கசினோக்களின் செலவைக் குறைப்பதற்கென 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்ரி கையொப்பமிட்ட சட்டம், அன்றாடக் கண்காணிப்பை ஆணைக்குழுவிடமிருந்து எடுத்து அமுலாக்கற் பிரிவிடம் ஒப்படைத்தது. கூடத்துள் எந்நேரமும் பரிசோதகர் இருக்க வேண்டுமென்ற விதியும் நீங்கிற்று. புலனாய்பவனும் தீர்ப்புரைப்பவனும் வேறு வேறாயிருந்த பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி இவ்வாறு கரைந்தது.

நெகிழ்ந்த வேலியும் வீழ்ச்சியைத் தடுக்கவில்லை. 2014ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 12 கசினோக்களில் நான்கு மூடப்பட்டன; ஏறக்குறைய 8,000 பேர் வேலை இழந்தனர். வீட்டு வரியிற் பெரும்பகுதியைச் செலுத்திவந்த கசினோக்கள் தம் கட்டடங்களின் மதிப்பு வீழ்ந்ததெனக் காட்டி வரிக் குறைப்புப் பெற்றமையால் நகரசபை கடனில் மூழ்கியது. 2016இல் மாநில அரசு நகரின் நிதி நிருவாகத்தைத் தானே பொறுப்பேற்றது. அதே ஆண்டு நவம்பரில், மாநிலத்தின் வடபகுதியிலும் கசினோ அமைக்கலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. நால்வரில் மூவருக்கு மேற்பட்டோர் வேண்டாம் என்றனர். 1974இல் இருந்த அதே மனம் 2016இலும் இருந்தது: வேறோர் ஊரில் இருக்கட்டும், எங்கள் ஊரில் வேண்டாம்.

ஆனால் வேலி எந்த ஊரில் என்ற கேள்விக்கே இடமில்லாத காலம் அதற்குள் வந்துவிட்டது. 2013ஆம் ஆண்டில் இணையவழிச் சூதை நியூ ஜேர்சி சட்டபூர்வமாக்கி, அதற்கு நூற்றுக்கு 15 வரி விதித்தது. 2024இல் அத்திலாந்திக் நகர்க் கூடங்கள் ஈட்டியது ஏறத்தாழ 280 கோடி டொலர் என்றால், மக்கள் வீட்டிலிருந்தபடியே கைத்தொலைபேசியில் ஆடி இழந்தது 230 கோடிக்கும் மேல். 2025இல் அவ்வரி நூற்றுக்கு 19.75 ஆக உயர்த்தப்பட்டது. ஆட்டத்தை ஓரிடத்தில் அடக்க வேண்டும் என்ற கௌடிலியரின் முதல் விதியே இவ்வாறு கைவிடப்பட்டது. 500 அறை ஹோட்டலும் விடியற்காலைக் கதவடைப்பும் பரிசோதகரின் கண்ணும் ஓர் இளைஞனின் படுக்கையறைக்குட் செல்லமாட்டா. அங்கு செல்வது வரி விகிதம் ஒன்றே.

இவ்வரலாற்றை வெறும் தோல்விக் கதை என்று தள்ளுதல் நீதியன்று. நெவாடா பல ஆண்டு போராடியும் களைய இயலாதிருந்த கும்பல்களை நியூ ஜேர்சி பெரும்பாலும் வாசலிலேயே நிறுத்திற்று. முதியோர் பலர் மருந்து பெற்றனர். எனினும் ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. ஆணைக்குழு துணிவோடு மறுத்த காலம், வருமானம் பெருகிய காலம். ஒரு கம்பனி போனால் இன்னொன்று வாசலில் நின்றது. வருமானம் சுருங்கிய காலத்தில் விதிகளும் சுருங்கின. முதியோரின் மருந்துக்கென ஒதுக்கிய நிதி குறையக் குறைய, சூது குறைந்தது நல்லது என்று சொல்லும் நாவும் அரசிடம் இல்லாது போயிற்று. மக்கள் சூதில் எவ்வளவு இழக்கிறார்களோ அவ்வளவே மருந்து என்று ஏற்பாடு செய்தபின், அவர்கள் குறைவாக இழக்க வேண்டுமென்று எந்த அரசு விரும்பும்?

கசினோவுக்கு அனுமதியளிக்க எண்ணும் நாடுகள் வரி நூற்றுக்கு எத்தனை என்பதையே முதலிற் கேட்கின்றன. அத்திலாந்திக் நகரின் வரலாறு வேறு இரண்டைக் கேட்கச் சொல்கிறது: காவலனுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது? கூடம் மூடப்படும் நாளில் யாருடைய மருந்து நின்றுபோகும்? இவ்விரண்டுக்கும் விடை எழுதிய பின்னரே அனுமதிப்பத்திரம் எழுதப்பட வேண்டும்.